தபால் படகுக்காரன் சொன்னது

மெய்ன் கரைக்கு அப்பால் ஒரு தீவு, 1938

தெர்சா கோல்பியைப் பற்றிக் கேட்கிறீர்கள்.
எனக்கு ஓவியம் தெரியாது.
அவளுடைய பெட்டிகளின் எடை தெரியும்.

நியூயார்க்கிலிருந்து மாதம் ஒரு பெட்டி.
அதில் பாதி வெள்ளைக் குழாய்கள்.
'இத்தனை வெள்ளை எதற்கு?' என்றேன் முதல் வருஷம்.
ஜன்னலைக் காட்டினாள்.
மூடுபனி
கலங்கரை விளக்கத்தை
இடுப்புவரை தின்றிருந்தது.

பாரிஸில் பதினொரு மாதம் இருந்தவளாம்.
பதினாறாம் வருஷம் நியூயார்க்கில்
சுவர் நிறையத் தொங்கவிட்டாளாம்.
ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான்:
'அம்மணியின் கடல்
கல் குவாரியில் வெடி வைத்ததுபோல் இருக்கிறது.'
கேலிதான்.
அதை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தாள்,
புகையேறிப் பழுப்பாகும்வரை.
'என்னைச் சரியாகப் பார்த்தவன்
அவன் ஒருவன்தான்' என்பாள்.
அவள் அப்பன் குவாரியில் வெடி வைத்தவன்.
இடது கையில் மூன்றே விரல்.

வயிற்றுக்கு
மத்தி டப்பாக்களுக்கு லேபிள் வரைந்தாள்.
'மீன் சிரிக்க வேண்டும்' என்றார்
ஆலை முதலாளி ஹைரம் டௌ.
வரைந்துகொடுத்தாள்.
அந்தச் சிரிப்பை நீங்களும் தின்றிருப்பீர்கள்,
தெரியாமல்.

ஒரு விடிகாலை கேட்டாள்:
'எப்ராயிம், நீ வரும்போது
தண்ணீர் என்ன நிறம்?'
பன்னிரண்டு வயதிலிருந்து
அந்தத் தண்ணீரில் போய்வருகிறேன்.
வாயில் ஒரு நிறமும் வரவில்லை.
'குளிர்' என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
கத்தியை எடுத்து
மூன்று வார வேலையைச்
சுரண்டித் தள்ளினாள்.
கடிதங்களை மேஜையில் வைத்துவிட்டு
சத்தமில்லாமல் இறங்கிவந்தேன்.
ஏதோ தப்பு செய்தவனைப் போல.

என் படகையும் வரைந்தாள்.
படகு என்று அவள் சொன்னாள்.
நான் பார்த்தது
சாம்பல் நிறத்தின் நடுவே
ஒரு சிவப்புக் கீற்று,
நகம் கீறினாற்போல.

எனக்குக் கோபம்.
'என் படகு பச்சை.
ஊருக்கே தெரியும்.
வருஷா வருஷம் நானே அடிக்கிறேன்.'

'நேரத்துக்கு வந்தால் பச்சை' என்றாள்.
'நீ தாமதிக்கும் நாளில்
இங்கே நின்று பார்ப்பவளுக்குச் சிவப்பு.'

படித்தவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.
படத்தைக் கொடுத்தாள்.
என் மனைவி அதைப் படிக்கட்டு இருட்டில் மாட்டினாள்,
விருந்தாளிகள் கேட்டுவிடாதபடி.

போன ஜனவரியில் துறைமுகம் உறைந்தது.
நான்கு நாள் படகு எடுக்க முடியவில்லை.
ஐந்தாம் நாள் போனபோது
புகைபோக்கியில் புகை இல்லை.
சளிக்காய்ச்சல் என்றார் மருத்துவர்,
அவரையும் நான்தான் ஏற்றிப்போனேன்.
தூரிகைகள் கழுவித் துடைத்திருந்தன.
அவளுக்கு வந்த பெட்டி
என் கொட்டகையில் கிடக்கிறது.
பெறுபவர் இல்லையென்றால் திருப்பி அனுப்பவேண்டும்,
சட்டம் அதுதான்.
அனுப்பவில்லை.

ஏப்ரலில் படகைக் கரையேற்றினேன்.
மல்லாந்து படுத்துச்
சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பாசியும் உப்பும் முகத்தில் உதிர உதிர
கீழேயிருந்து எட்டிப்பார்த்தது
செம்புச் சாயம்.

அடிப்பலகைக்கு எல்லோரும் அடிப்பதுதான்,
புழு அரிக்காமலிருக்க.
முப்பது வருஷமாக
என் கையாலேயே அடிக்கிறேன்.

காற்று கெட்ட நாளில்தான் நான் தாமதிப்பேன்.
காற்று கெட்ட நாளில்தான்
படகு ஒருச்சாய்ந்து
அடிவயிற்றைக் காட்டும்.

சுரண்டியை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.
எத்தனை நாள் நின்றிருப்பாள்
அந்த ஜன்னலில்?

விலை கேட்கிறீர்கள்.
விற்பதற்கில்லை.
பார்க்கவேண்டுமானால் பாருங்கள்.
இப்போது சமையலறையில் இருக்கிறது,
வெளிச்சம் விழும் பக்கம்.

நான்கு மணிக்குத் தபால் கிளம்பும்.
வருவதானால் கோட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்.
மேற்கே கறுக்கிறது.
இன்று நேரத்துக்குப் போய்ச்சேர மாட்டோம்.